எரிமலைப் பாறைமேல் ஒரு டீக்கடை: மலையோடு ஒன்றும் கட்டடத்தை யோசிப்பது எப்படி?

ஞாயிறு விடியற்காலை மும்பையிலிருந்து மலையடிவாரத்துக் கர்ஜத்துக்குப் போகும் லோக்கல் ரயிலில் முதுகுப்பையோடு ஏறும் கூட்டத்தில் இப்போது தமிழ்க் குரல்கள் நிறையக் கேட்கின்றன. முலுண்டு, டோம்பிவிலி, செம்பூர், சயான் பக்கத்துப் பிள்ளைகள். மலையேறும் வழியில் உட்கார்ந்து ஒரு கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) குடிக்க எல்லோருக்கும் ஒரு கடை வேண்டும். ஆனால் அந்தக் கடை, பார்க்க வந்த மலையையே மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. இந்த இரண்டு ஆசைகளையும் ஒரே கட்டடத்தில் சேர்ப்பதைத்தான் கட்டடக்கலையில் ‘நிலத்தோடு ஒன்றிய வடிவமைப்பு’ என்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் கட்டடக்கலை படிக்கும் பெண் ஒருத்தி, கல்லூரிப் பயிற்சிக்காகத் தான் வரைந்த மலைவழிக் கடையைக் கொண்டுவந்து காட்டினாள். கண்ணாடிப் பெட்டி ஒன்று, அதன் சுவரெல்லாம் மெருகேற்றிய கருப்புக் கல் பலகை. “மலையும் கருப்பு, கடையும் கருப்பு. இதுக்கு மேல எப்படிண்ணா ஒன்றும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கட்டடம் மலையோடு ஒன்றுவது நிறத்தால் அல்ல. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, மழைத் தண்ணீருக்கு எப்படி வழி விடுகிறது என்ற இரண்டில்தான் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். கல்லும் நிறமும் அதற்குப் பிறகு வருபவை.

முதலில் இந்த மலை எப்படி உண்டானது என்று தெரிய வேண்டும். மும்பையிலிருந்து பார்த்தால் கூம்பு வடிவ எரிமலை எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் நாம் நிற்பது எரிமலை நிலம்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே தரை பல இடங்களில் நீளநீளமாகப் பிளந்து, பாறைக்குழம்பு வெள்ளமாக வழிந்து பரவியது. ஒரு வெள்ளம் ஆறிக் கல்லானதும் அதன்மேல் அடுத்தது. அடுக்கி வைத்த தோசைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே உயர்ந்ததுதான் தக்காணப் பீடபூமியின் எரிமலைப்பாறை. இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அது விரிந்து கிடக்கிறது. அந்தப் பாறையின் பெயர் பசால்ட். மும்பைக்காரர்களுக்கு அது ‘காலா பத்தர்’. உயர் நீதிமன்றத்தின் சுவரில் நீங்கள் பார்க்கும் கருநீலக் கல் அதுதான். அந்தேரியின் அடுக்குமாடிகளுக்கு நடுவே சுமார் 60 மீட்டர் உயரத்துக்குத் தூண் தூணாக நிற்கும் கில்பர்ட் குன்றும் அதே பாறைதான். குழம்பு மெல்ல ஆறும்போது சுருங்கி, பல பக்கங்கள் கொண்ட தூண்களாக வெடித்த இடம் அது.

நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கருங்கல் என்றதும் வேறொரு பாறை நினைவுக்கு வரும். செஞ்சிக் கோட்டையை எண்ணிப் பாருங்கள். உருண்டு திரண்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் குன்று. அந்தக் கல் பூமியின் ஆழத்தில் உருவாகி, மேல்மண் அரித்துப் போன பிறகு வெளியே வந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் 12 சேர்க்கப்பட்டன. அவற்றில் செஞ்சி ஒன்றுதான் தமிழ்நாட்டில் இருக்கிறது. லோணாவளாவுக்கு அருகிலுள்ள லோஹகட் உட்பட மற்றவை மகாராஷ்டிரத்தில். இரண்டு கோட்டைகளையும் நேரில் பார்த்தவருக்கு வித்தியாசம் உடனே புரியும். செஞ்சியின் கோடுகள் வளைந்தவை. லோஹகட்டின் கோடுகள் கிடையானவை. செங்குத்துப் பாறை, அடுத்து ஒரு தட்டை, மறுபடி செங்குத்துப் பாறை, மறுபடி தட்டை என்று மலை முழுக்கப் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் பழைய பாறைக்குழம்பு வெள்ளம் ஒன்றின் கணக்கு. அழுத்தமான பாறை செங்குத்தாக நிற்கிறது. காற்றுக்குமிழ்கள் நிறைந்த மென்பாறையும், இரண்டு வெள்ளங்களுக்கு நடுவே படிந்த செம்மண் அடுக்கும் சீக்கிரம் அரித்துத் தட்டையாகின்றன.

வரைபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி: சஹ்யாத்ரியில் (மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இங்கே அதுதான் பெயர்) கிடைக்கோடு உள்ளூர்க்காரன், செங்குத்துக்கோடு விருந்தாளி. நீளமாக, தாழ்வாக, மலைச்சரிவின் சம உயரக்கோட்டை ஒட்டிப் படுத்திருக்கும் கட்டடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் இன்னொரு பாறை அடுக்காகத்தான் தெரியும். அதே அளவு இடத்தை இரண்டு மாடியாக உயர்த்தினால், அது எந்த நிறத்தில் இருந்தாலும் தனியாகத் துருத்தும். இதே கடையைச் செஞ்சிக்குக் கீழே கட்டச் சொன்னால் நான் வேறு மாதிரி வரைவேன். அங்கே சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துப் பாறைகளின் இடுக்கில் வைக்கத் தோன்றும்.

எங்கே உட்கார வைப்பது?

மாணவர்கள் பெரும்பாலும் கடையைத் தட்டையின் விளிம்பில் வைத்துவிடுகிறார்கள். காட்சி அங்கேதான் நன்றாக இருக்கும், அதனால் அந்த ஆசையைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் விளிம்பில் இருப்பது கீழே பள்ளத்தாக்கிலிருந்து வானத்தின் பின்னணியில் தெரியும். மலைமேல் ஒரு கட்டடத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வானத்தை வெட்டும் அந்தக் கூரைக்கோடுதான். தென்மேற்குப் பருவக்காற்றும் முழு வேகத்தோடு மோதும் இடம் அது.

சரி, பின்னால் தள்ளி, செங்குத்துப் பாறையின் அடியில் ஒட்டி வைக்கலாமா? பார்க்க மிக அழகாக ஒன்றிவிடும். ஆனால் கட்டவே கூடாத இடம் அதுதான். மேலிருந்து உதிர்ந்த கல்லும் மண்ணும் குவிந்து கிடக்கும் சரிவு அது. அடியில் கெட்டிப் பாறை, மேலே தளர்ந்த மண். கனமழையில் மண் முழுக்க நீர் ஏறினால் வழுக்கிக்கொண்டு வரும். 2014 ஜூலை 30 அன்று புனே மாவட்டத்தின் மாளீண் கிராமம் மண்ணில் புதைந்து 150 பேருக்கு மேல் மாண்டார்கள். 2023 ஜூலை 19 இரவு ராய்கட் மாவட்டத்தில் இர்ஷாள்கட் கோட்டையின் அடிவாரத்துப் பழங்குடிக் குடியிருப்பான இர்ஷாள்வாடியில் மறுபடியும் அதே கொடுமை. இர்ஷாள்கட் மலையேறிகளுக்கு நன்கு பழக்கமான பாதை. அந்த ஊரின் வழியே நடந்தவர்கள் மும்பையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மலைவழியில் எதையாவது கட்ட நினைக்கும் எவரும் இந்த இரண்டு ஊர்களின் பெயரையும் மறந்துவிட்டுப் பென்சிலை எடுக்கக் கூடாது.

ஆக, விளிம்பும் இல்லை, பாறையடியும் இல்லை. நடுத்தட்டைதான் மிச்சம். அதிலும் ஓடைக்கோடுகளை விட்டு விலகி. மே மாதத்தில் அந்த ஓடைகள் வெறும் கல்லாகக் கிடக்கும், ஓடை என்றே தெரியாது. கல்லெல்லாம் உருண்டையாக வழவழவென்று ஒரே வரிசையில் கிடந்தால் அது தண்ணீரின் தடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுத்தட்டையில் வாழ்வதற்குச் சஹ்யாத்ரியில் பழைய முன்மாதிரி உண்டு. ராஜ்மாச்சியில் ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரண்டு கோட்டைகள் சிகரங்களில் இருக்க, உதேவாடி கிராமம் அவற்றுக்குக் கீழேயுள்ள அகன்ற தட்டையில் இருக்கிறது. இன்றும் மலையேறிகளுக்குப் பிட்லாவும் (கடலைமாவுக் குழம்பு) பாக்ரியும் (தடித்த ரொட்டி) கிடைக்கும் இடம் அது. கட்டடக்கலை நூல்களைத் திறக்கும் முன் அங்கே போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, வீடுகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, எந்தச் சுவரில் ஜன்னல் இல்லை என்று கவனியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தண்ணீர்

பசால்ட் கெட்டியான பாறை. நீர் அதனுள் எளிதில் இறங்காது. வெடிப்புகளிலும், குமிழ்கள் நிறைந்த அடுக்குகளிலும், இரண்டு பாறை அடுக்குகள் சேரும் இடத்திலும்தான் ஊர்ந்து போகும். போய், செங்குத்துப் பாறையின் காலடியில் எங்காவது சுனையாக வெளிவரும். அந்தச் சுனைகளில் பல கோடையில் வற்றிவிடும்.

இதனால் வடிவமைப்பில் இரண்டு விளைவுகள். முதலாவது, மழை பெய்தால் அத்தனையும் தரைமேலேயே ஓடிவரும். மும்பையில் ஜூலை மாதம் மட்டுமே 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மலைத்தொடரில் இன்னும் அதிகம். சரிவை வெட்டிச் சமப்படுத்தி, காங்கிரீட் பலகை போட்டுக் கடையை அதன்மேல் வைத்தால், வழி மறிக்கப்பட்ட நீர் பக்கவாட்டில் புதிய பாதையை அரித்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் மலைப்பாதையே காணாமல் போகலாம். மாறாக, பாறையில் சில இடங்களில் மட்டும் கால்களை ஊன்றி, தளத்தை ஒன்றரை அடியோ இரண்டடியோ தூக்கி வைத்தால் நீர் அடியில் ஓடிவிடும். பசால்ட் பாரம் தாங்குவதில் கெட்டிக்கார ஆசாமி. நல்ல பாறை கிடைத்துவிட்டால் ஆழமாகத் தோண்ட வேண்டியதே இல்லை, வெடி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவதைப் பெரும்பாலான வரைபடங்களில் பார்க்க முடிவதில்லை. அது கழிவறை. சமவெளியில் செய்வதுபோல் உறிஞ்சுகுழி வெட்டினால் இங்கே நீர் உறிஞ்சப்படாது. மண் அரையடி, ஓரடிதான். கழிவுநீர் பாறை வெடிப்பில் இறங்கி, கீழே இருக்கும் கிராமத்தின் சுனையில் போய் எட்டிப்பார்க்கும். அதனால் உலர்முறை மக்கு கழிவறை, அல்லது மூடிய தொட்டியும் அதைக் காலி செய்ய ஒரு ஏற்பாடும் வேண்டும். பாத்திரம் கழுவும் நீரை, கசியாத பாத்தியில் நாணல், கல்வாழை வளர்த்து வடிகட்டலாம். அழகாக மலையில் மறைந்து நிற்கும் ஒரு கடை, ஊரின் சுனையைக் கெடுத்தால் அது மலையோடு ஒன்றிய கடையே அல்ல. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

குடிநீருக்குப் பழையவர்கள் வழி சொல்லி வைத்திருக்கிறார்கள். போரிவலியில் கான்ஹேரிக் குகைகளுக்குப் போயிருப்பீர்கள். நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் அங்கே. சிலைகளைப் பார்த்து முடித்ததும் கீழே குனிந்து பாருங்கள். பாறை முகத்தில் விழும் மழையைச் சின்னச் சின்னக் கால்வாய்களால் இழுத்து, குகை வாசலின் ஓரத்தில் வெட்டிய தொட்டிகளில் இறக்கியிருப்பார்கள். பாறை நீரை உள்ளே விடாது என்ற குறையையே, தொட்டி ஒழுகாது என்ற நிறையாக மாற்றிக்கொண்ட வேலை அது. அங்கே தங்கியிருந்த பௌத்தப் பிக்குகள் பல நூற்றாண்டுகள் அதைக் குடித்து வாழ்ந்தார்கள். நம் கடையும் கூரையில் விழும் ஜூலை மழையைத் தொட்டியில் பிடித்தால் டிசம்பர், ஜனவரி வரை பாத்திரம் கழுவ ஊர்த் தண்ணீரைத் தொட வேண்டியிராது.

கல், கூரை, நிழல்

இப்போது அந்தப் பெண் கேட்ட நிறத்துக்கு வரலாம். மெருகேற்றிய கருப்புக் கல் மலையில் எங்குமே இல்லை. புதிதாக உடைத்த பசால்ட்தான் கருநீலம். வெயில் மழையில் கிடந்தது பழுப்பேறி, சாம்பல் படிந்து, மேலே பாறைப்பாசி வெள்ளைத் திட்டுகளாகப் பூத்திருக்கும். மலையின் நிறமும் மாதத்துக்கு மாதம் வேறு. மே மாதத்தில் காய்ந்த புல்லும் கரும்பாறையும், ஜூலையில் பச்சை, அக்டோபரில் தங்க நிறப் புல். ஒரே ஒரு நிறத்தைப் பூசி இந்த மூன்றோடும் ஒன்ற முடியாது. மலையில் எல்லா மாதமும் மாறாமல் இருப்பது நிழல். செங்குத்துப் பாறைகளுக்கு அடியில் ஓடும் கரிய பட்டை. அதனால் ஆழமான தாழ்வாரம் வைத்து, சுவரை நிழலுக்குள் தள்ளிவிடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தாழ்ந்த கூரையும் அதற்குக் கீழே ஓர் இருண்ட கோடும்தான் தெரியும். மழைச்சாரலுக்கும் அதுவே மருந்து.

கூரைக்குப் பளபளப்பு ஆகாது, நீலம் ஆகவே ஆகாது. பழைய மங்களூர் ஓடு நன்றாகப் பொருந்தும், ஆனால் குரங்குகள் உள்ள இடத்தில் உடையும். மங்கலான பழுப்பு நிறத் தகரத்தின்மேல் புல் வேய்வது ஒரு வழி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மேற்குச் சுவரைக் கல்லால் கெட்டியாக, ஜன்னல் இல்லாமல் கட்டுங்கள். மழை அந்தப் பக்கமிருந்துதான் சாய்ந்து அடிக்கும், மாலை வெயிலும் அங்கிருந்துதான் வரும்.

கல் எங்கிருந்து எடுப்பது? பக்கத்தில்தான் கிடக்கிறதே என்று தட்டையில் உதிரியாகக் கிடக்கும் கற்களைப் பொறுக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மண்ணே இல்லாத அந்த மேட்டுத் தட்டைகளில் பல்லி, தவளை, தேள் எல்லாம் வெயிலுக்கு ஒதுங்குவது அந்தக் கற்களின் அடியில்தான். நமக்கு வெறும் கல், அவற்றுக்கு வீடு. சாலை வெட்டியபோது ஒதுக்கிய கல், இடிந்த வீட்டின் கல் கிடைத்தால் உத்தமம். உள்ளூர்க் கொத்தனாரிடம் கொடுத்தால் சுண்ணாம்பு குறைவாக வைத்து அழகாக அடுக்குவார். மாதேரான் போல உச்சியில் பாறை மக்கிச் செம்புரைக்கல்லாக மாறிய இடங்களில் சிவப்புக் கல்தான் பொருத்தம். அங்கே காலா பத்தர் அந்நியம்.

கல் இல்லாத சுவர்களுக்கு இந்த மலையின் சொந்தச் சரக்கு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கார்வி. இங்குள்ள பழங்குடிகளான தாக்கர், காத்கரி மக்கள் கார்விக் குச்சிகளை வரிசையாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புகிறார்கள். எடை குறைவு, காற்றும் வரும். கார்வி யார் தெரியுமா? நம் நீலகிரிக் குறிஞ்சியின் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினத்துச் செடி. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்தால் கார்வி சுமார் 8 ஆண்டுக்கு ஒருமுறை மலையையே ஊதா ஆக்கும். அது காட்டுச் செடி என்பதால் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. அந்த மக்களிடம் கேட்டு, அவர்கள் கூலியும் கைத்திறனும் சேர்ந்தே வர வேண்டும். சொல்லப்போனால் கடையை நடத்துவதும் அவர்களாக இருந்தால் பாதிச் சிக்கல் தானாகத் தீரும்.

வெளிநாட்டு உதாரணம் எதுவும் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, அருமையான உதாரணம். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவு. 1730 முதல் 1736 வரை நடந்த எரிமலை வெடிப்புகளில் சுமார் கால்பகுதி பாறைக்குழம்பில் மூடிப்போன நிலம். அங்கே பிறந்த ஓவியர் செசார் மன்ரீக்கே, 1960களிலிருந்து அந்தப் பாறைக்குள்ளேயே இடங்களை அமைத்தார். பாறைக்குழம்பு ஓடி வெறுமையான குகைக்குள் ஓர் உணவகம். செங்குத்துப் பாறைக்குள் மறைத்த ஒரு காட்சிமாடம். திமன்ஃபாயாவில் பூமியின் சூட்டிலேயே இறைச்சி வாட்டும் எல் டியாப்லோ உணவகம். உயரமான கட்டடங்களும் சாலையோர விளம்பரப் பலகைகளும் தீவில் பெருகாமல் இருக்க அவர் போராடியதும் அந்த வேலையின் பகுதிதான். குகைக்குள் இருக்கும் குளத்தில் வெள்ளை நிறக் குருட்டு நண்டுகள் வாழ்கின்றன. உலோகம் அவற்றுக்கு ஆகாது என்பதால் காசு வீசத் தடை.

ஆனால் அதை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. லான்சரோட்டேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 150 மில்லிமீட்டர்தான். தட்டைக் கூரையும் பள்ளத்தில் இறக்கிய அறையும் அங்கே சரி. சஹ்யாத்ரியில் பள்ளத்தில் அறையை இறக்கினால் ஜூலையில் அது கிணறு. மன்ரீக்கேயிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவத்தை அல்ல, முதலில் பாறையைப் படித்துவிட்டுப் பிறகு வரையும் பழக்கத்தை.

உள்ளே வருபவர் யார் என்பதையும் நினைக்க வேண்டும். மழைக்காலத்தில் கடைக்கு வருபவர் தொப்பலாக நனைந்து, முழங்கால் வரை சேறோடு வருவார். அவருக்குக் கண்ணாடி அறை வேண்டாம். தாழ்வாரத்தில் நீளமான கல் திண்ணை, மழைக்கோட்டு மாட்ட ஆணிகள், வாசலில் கால் கழுவ ஓர் இடம், சொரசொரப்பான தரை. மெருகேற்றிய கல்லில் ஒரே வாரத்தில் பாசி பிடித்து ஆள் வழுக்கி விழுவார்.

விளக்கைப் பற்றி ஒன்று. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், மழைக்கு முன்பாக, ராஜ்மாச்சி பக்கம் மரம் மரமாக மின்மினிகள் கூடும். துணையைத் தேடித்தான் அவை விளக்குப் போடுகின்றன. கடையின் வெள்ளை எல்இடி குழல்விளக்கு எரிந்தால் அந்தப் பேச்சு ஒன்றுக்கொன்று கேட்காது. தரையைப் பார்த்த மங்கலான மஞ்சள் விளக்கு, அதுவும் அந்த வாரங்களில் சீக்கிரம் அணைப்பது என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

அனுமதி விஷயமும் உண்டு. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மாதேரான் 2003 முதல் சூழல் உணர்வு மண்டலம். வனநிலமானால் வனத்துறையின் ஒப்புதல் தேவை. இவற்றை முதலில் விசாரித்துவிட்டு இடம் தேடினால் உழைப்பு வீணாகாது.

இதை முயன்று பார்க்க நினைப்பவர், தேர்ந்தெடுத்த இடத்துக்கு மூன்று முறையாவது போக வேண்டும். மே மாதத்தில் போய்ப் பாறை அடுக்குகளையும் காய்ந்த ஓடைகளையும் குறியுங்கள். ஜூலையில், தனியாகப் போகாமல் ஊர்க்காரர் ஒருவரோடு போய், நீர் ஓடும் வழியையும் சாரல் அடிக்கும் திசையையும் அதே தாளில் நீல மையில் வரையுங்கள். அக்டோபரில் கீழே பள்ளத்தாக்கில் நின்று, அந்த இடத்தில் மூங்கில் நட்டு ஒரு துணியைக் கட்டச் சொல்லி, எங்கிருந்தெல்லாம் அது தெரிகிறது என்று பாருங்கள். துணி வானத்தின் பின்னணியில் தெரிந்தால் கடையை இன்னும் கீழே இறக்க வேண்டும்.